புற ஊதாக் கீறலோடு நெடுந்தீவுக்கு

நெடுந்தீவுக்கு எப்படிப் போவது என்று சில வாசகர்கள் கேட்டிருந்தீர்கள். எனக்கு அந்தத் தீவு என்றால் 1984 தை மாதப் பயணம்தான். அப்போது இங்கிலாந்தில், புற ஊதா லேசரால் பிளாஸ்டிக்கைச் செதுக்கும் ஆராய்ச்சியில் இருந்தேன். விடுமுறைக்குச் சுருவில் கிராமத்து வீட்டுக்கு வந்தவன், நெடுந்தீவில் கலியாணம் முடித்திருந்த அக்காவைப் பார்க்கப் புறப்பட்டேன்.

புங்குடுதீவைக் கடந்து குறிகட்டுவான் வரை பஸ். அங்கிருந்து லோஞ்சில், அதாவது மோட்டார்ப் படகில், ஒரு மணித்தியாலம். அன்று நல்ல அலை. இறங்கும்போது சட்டை முழுக்க உப்பு.

அக்கா வீட்டு முற்றத்தில் மரியநாயகம் என்ற மீனவர் எனக்காகக் காத்திருந்தார். பனையோலை குத்தி வலது கருவிழியில் புண், வெள்ளை படர்ந்திருந்தது. முன்பு அக்காவுக்குக் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கசெற்றில் என் வேலையைப் பற்றி அளந்திருந்தேன்: எங்கள் ஒளி சுடாது, பட்ட இடத்தில் மெல்லிய படையொன்றை மட்டும் ஆவியாக்கும், கண்ணுக்கும் பயன்படுமா என்று பார்க்கிறார்கள். அத்தான் அதை அயலுக்கெல்லாம் போட்டுக் காட்டியிருக்கிறார்.

"தம்பி, அந்த வெளிச்சத்தைக் கொண்டுவந்தனீரே?"

அந்த மெஷின் அலுமாரியை விடப் பெரிது என்று சொல்ல வாய் வரவில்லை. பெருமைக்குக் கொண்டுவந்த பிளாஸ்டிக் தகட்டை நீட்டினேன். லேசர் அதில் ஒரு கோடு கீறியிருந்தது. ஓரத்தில் கருகலோ உருகலோ இல்லை. புண்பட்ட கண்ணோடு நிற்கிறவரிடம் அதையா காட்டுவது! அவர் நகத்தால் தடவிப் பார்த்தார்.

"ஓம், தடக்குது. எனக்கும் உப்பிடிச் சுரண்டிவிட்டால் காணும்."

"அண்ணை, நான் பிளாஸ்டிக்கைத்தான் வெட்டினனான். கண்ணிலை கைவைக்க எனக்கு ஏலாது. ஆஸ்பத்திரிக்குப் போகேல்லையோ?"

"நீர் வாறீர் எண்டு உம்மடை அத்தான் சொன்னவர். அதுதான் பாத்துக்கொண்டு இருந்தனான்."

குரலில் கோபமில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். குசினி வாசலில் நின்ற அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் முதல் லோஞ்சில் அவரை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். முன்பே வந்திருந்தால் பார்வை தப்பியிருக்கும், இனிக் கண்ணை மட்டும் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் டொக்டர். அப்படியே ஆயிற்று: கண் தப்பியது, பார்வை போய்விட்டது.

வார்டில் தாதி என்னைக் காட்டி, "இவர் உங்களுக்கு ஆர்?" என்று கேட்டார்.

"எங்கடை பிள்ளை. லேசர் படிக்கிறார்," என்றார் மரியநாயகம்.

தாதி மரியாதையாக ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். அதில் என்னால் இருக்க முடியவில்லை. பிற்காலத்தில் அதே லேசர் கண் வைத்தியத்துக்கு வந்துவிட்டது. அந்தச் செய்தியை எங்கே படித்தாலும் இன்னும் கூசிப்போகிறேன்.

போகிறவர்கள் காலை லோஞ்சைத் தவறவிடாதீர்கள்; திரும்பும் நேரத்தை இறங்குதுறையிலேயே கேட்டு வையுங்கள். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். என்ன வேலை செய்கிறீர்கள் என்று அங்கே நிச்சயம் கேட்பார்கள். உங்களால் செய்ய முடியாததை முதலில் சொல்லிவிடுங்கள்.