ஏரியில் விட்ட நட்சத்திர ஆமை

"ஆமையை ஏரியில விட்டாச்சு. நாளைக்கு எல்லாம் நல்லபடியா முடியணும், வேண்டிக்குங்க." தைப்பூசத்துக்கு அடுத்த ஞாயிறு காலை, எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குழுவில் கீழ்வீட்டுப் பெண் போட்ட செய்தி இது. கூடவே ஒரு படம்.

அவள் கணவர் கிள்ளானில் மருத்துவமனையில் இருந்தார். மறுநாள் இதய அறுவைச் சிகிச்சை. அந்த வாரம் எங்கள் கார் நிறுத்துமிடத்தில் ஓர் ஆமை ஊர்ந்துகொண்டிருந்தது. யாரும் தங்களுடையது என்று சொல்லவில்லை. பெருமாளே அனுப்பியது என்று அவள் அதை எடுத்துவைத்துக் கீரை கொடுத்தாள். தண்ணீரில் விடுவதாக வேண்டிக்கொண்டு, கணவரைப் பார்க்கப் போகும் வழியில் ஓர் ஏரிப் பூங்காவில் விட்டிருக்கிறாள்.

நான் அந்த ஆமையைப் படத்தில்தான் முதலில் பார்த்தேன். பெரிதாக்கினேன். குவிந்த கறுப்பு ஓட்டில் ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலிருந்தும் மஞ்சள் கோடுகள் விரிந்தன. கால்கள் யானையின் கால்களைப் போலிருந்தன. விரல்களுக்கிடையே சவ்வு இல்லை. நட்சத்திர ஆமை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வறண்ட புதர்க்காடுகளில் வாழ்வது. பெட்டிகளில் ஒளித்துக் கடத்திவந்து இங்கே வளர்ப்பதற்கு விற்கிறார்கள். ஆழமான தண்ணீரில் விட்டால் கொஞ்ச நேரம் தத்தளிக்கும். பிறகு மூழ்கிவிடும்.

தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள் இதை எப்படிச் சொல்வது? ஆனால் எந்தக் கரையில் விட்டாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

கூப்பிட்டு இடத்தைக் கேட்டதும் சிரித்தாள். "ஏன்கா, ஆமைய தண்ணியில விடாம மரத்துலயா விடுவாங்க?"

"இது தரை ஆமைம்மா. நீந்தாது."

வார்டு இரைச்சலுக்கு நடுவே பூங்காவின் பெயரைச் சொல்லி, தானும் அங்கே வருவதாகச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்: "இவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கக்கா."

நான் ஏறிய கிள்ளான் ரயில் ஷா ஆலமில் வெகுநேரம் நின்றது. ஏரிக்கரை சிமெண்டா மண்ணா என்று கேட்காமல் விட்டோமே என்று எனக்கு நிலைகொள்ளவில்லை. மண்ணாக இருந்தால் ஏறியிருக்கும்.

சிமெண்டுதான். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று கைகளால் துழாவிக்கொண்டிருந்தாள். சுடிதார் இடுப்புவரை நனைந்திருந்தது. நான் கரையோரப் புல்லை விலக்கிக்கொண்டே போனேன்.

பூங்காவைக் கூட்டிக்கொண்டிருந்த மலாய்க்கார அக்காவிடம் கேட்டோம். சற்று முன்பு ஒரு பெண் படிக்கட்டோரம் ஓர் ஆமையைத் தூக்கி, பெட்டியில் போட்டுக் காரில் கொண்டுபோனதாகச் சொன்னார். மஞ்சள் கோடு இருந்ததா என்று கேட்டேன். இருந்தது என்றார்.

"அதுதான்கா," என்றாள் இவள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

எதிர்க்கரையில் மிதந்த கட்டையில் ஐந்தாறு சிவப்புக்காது ஆமைகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. கடையில் வாங்கியவர்கள் வளர்க்க முடியாமல் கொண்டுவந்து விட்டவை. அவற்றின் கழுத்திலும் மஞ்சள் கோடுகள் உண்டு. அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு நான் அதைச் சொல்லவில்லை.

அவள் கணவர் தேறி வீடு திரும்பிவிட்டார். ஆமையைப் பற்றி வனவிலங்குத் துறையில் விவரம் கொடுத்தேன். இதுவரை பதில் இல்லை. அன்று பெட்டியில் போனது நட்சத்திர ஆமைதானா என்பதை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.