சித்தி ஜெயித்த சாயங்காலம்

தோற்றுப்போவது எனக்குச் சின்ன வயதில் சுத்தமாகப் பிடிக்காது. தாயத்திலும் கேரமிலும் அழுகுணி ஆட்டம்தான் ஆடுவேன்; சித்தி தெரிந்தே விட்டுக்கொடுப்பாள். அப்படிப்பட்ட நான் வேண்டுமென்றே தோற்றது ஒரே ஒரு முறை.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. மௌலா அலியில் எங்கள் வீட்டில் இருந்துகொண்டு ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனிக்குப் போய்வந்தாள். ஊசி மருந்துக் குப்பிகளை வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே தூசி மிதக்கிறதா என்று பார்க்கும் வேலை. முகமூடிக்குள் மூச்சு விட்டால் கண்ணாடியில் ஆவி படிகிறது என்று கான்டாக்ட் லென்ஸுக்கு மாறியிருந்தாள். கண்தான் அவளுக்குச் சோறு போட்டது. அதைத்தான் அவள் கவனிக்கவில்லை. கூட வேலை பார்த்தவள் பிரசவத்துக்குப் போனதும் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்தாள். களைப்பில் லென்ஸைக் கழற்றாமலே கம்பெனி பஸ்ஸில் தூங்கினாள், வீட்டிலும் தூங்கினாள்.

எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று, எதிரே தர்கா மலைப் படிகளில் எத்தனை விளக்கு எரிகிறது என்று எண்ண வேண்டும்; முதலில் சரியாகச் சொல்பவருக்கு ஜெயம். தினமும் ஒன்றிரண்டு பல்பு போயிருக்கும் என்பதால் விடையும் தினமும் மாறும்.

அன்று சித்தியின் கண்கள் இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தன. நீர் வழிந்தது. டாக்டரிடம் போ என்றாள் அம்மா.

"லீவு போட்டா சூப்பர்வைசர் கத்துவான்க்கா. மாடியில விளக்கு எண்ணிப் பாக்குறேன். தப்பா வந்தா போறேன், போதுமா?"

அது என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

மாடியில் சித்தி வெகுநேரம் எண்ணினாள்.

"ஒம்போது. உனக்கு எத்தனை?"

நான் பதினான்கு எண்ணியிருந்தேன். ஆனால் அவள் முகம் அழுதுவிடும்போல் இருந்தது. பாவம், ஒருநாளாவது ஜெயிக்கட்டுமே என்று தோன்றியது.

"ஹவ் சித்தி, ஆமா, ஒம்போதுதான்."

"சத்தியமா?"

"சத்தியமா."

சித்தி என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மறுநாள் வேலைக்குப் போனாள். அதற்கு மறுநாளும் போனாள்.

மூன்றாம் நாள் காலையில் வலது கண்ணைத் திறக்கவே முடியவில்லை. கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி. அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு அவளைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

புண் ஆற வெகுநாள் ஆயிற்று. தழும்பு நின்றுவிட்டது, அந்தக் கண்ணில் பார்வை முழுதாகத் திரும்பவில்லை. கம்பெனி அவளை அட்டைப்பெட்டி ஒட்டும் பகுதிக்கு மாற்றியது. அந்த ஒன்பதைப் பற்றி அவள் இன்றுவரை என்னிடம் கேட்டதில்லை. நானும் வாய் திறந்ததில்லை.

முதல் நாள் ஆஸ்பத்திரியில், லென்ஸைக் கழற்றாததால் கிருமி தொற்றியிருக்கிறது, இரண்டு நாள் முன்னாலேயே வருவதற்கென்ன என்று டாக்டர் தெலுங்கில் கோபித்துக்கொண்டார். தெலுங்கும் தமிழுமாகச் சித்தி பதில் சொன்னாள்.

"விளக்கை எண்ணிப் பாத்தேன் சார். பாப்பா எண்ணினதும் நான் எண்ணினதும் ஒண்ணாத்தான் இருந்துச்சு."

தான் ஜெயித்ததை டாக்டரிடமே சொல்கிறாளே என்று எனக்கு ஒரே பெருமை. நாற்காலியில் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.