அக்கரை என்று எழுதிய தாள்

மூதூர் என்று எழுதியிருந்தால் ஒன்றும் நடந்திராது. எழுத எனக்கு மனம் வரவில்லை.

அக்காவின் மகளுக்குக் கல்யாணம். ரொறொன்ரோவில் பிறந்து வளர்ந்த என் பெறாமகள், தாயின் ஊரில், அலைச்சத்தம் கேட்கும் தூரத்தில்தான் தாலி ஏற வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். திருகோணமலைக்குப் பக்கத்தில் நிலாவெளியில் ஒரு ஹோட்டல், கனடாவிலிருந்து நாற்பது பேர், மூன்று நாள்கள். வருகிறவர்களுக்கு எதைக் காட்டுவது, எங்கே கூட்டிப் போவது என்று ஒரு தாள் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நீதானே எழுதுகிறவள் என்றாள் அக்கா. நான் எழுதுவது கவிதையோ வசனமோ என்று எனக்கே பிடிபடாத ஒரு சாமான்; அதற்கு இப்படியாவது ஒரு பயன் இருக்கட்டும் என்று அவள் நினைத்திருக்கலாம்.

இரண்டு கிழமை அந்தத் தாளோடு மல்லுக்கட்டினேன். முதல் நாள் கோணேசர் கோயில், இராவணன் வெட்டு, கோட்டைக்குள் மான்கள், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், பின்னேரம் உள்துறைமுகம். இரண்டாம் நாள் கல்யாணம். மூன்றாம் நாளைக்கு மூதூருக்குப் போகும் லோஞ்சில், அந்தப் பயணிகள் படகில் ஏற்றிக் கொட்டியாரக்குடாவைக் கடந்து, கட்டைபறிச்சானில் எங்கள் பெரியம்மா மகள் வீட்டில் நண்டுக்கறியோடு சோறு. இதை இப்படியே எழுதியிருக்கலாம். பஸ் நேர அட்டவணைபோல இருக்கிறதே என்று எனக்குள் ஒன்று நமைத்தது. கடைசியில் எழுதியது இது:

‘மூன்றாம் நாள். கடல் கடந்து அக்கரை. உறவுகள் சோற்றுடன் காத்திருக்கிறார்கள். கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும்.’

கடவுச்சீட்டு எதற்கு என்று கேட்டால், எதற்கும் இல்லை. அடையாள அட்டை இல்லாமல் படலையைத் தாண்டாத சண்டைக் காலத்தில் வளர்ந்தவள் நான். வெளியே போகிற யாருக்கும் வாய் தானாகவே அட்டை எடுத்தாச்சோ என்று கேட்கும். வெளிநாட்டுக்காரரிடம் அட்டை இல்லை, கடவுச்சீட்டுத்தானே இருக்கிறது, அதையே போட்டேன். தாள் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. பூக்களும் கைகூப்பல்களும் வந்தன. ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் பின்னேரம் நாலு மணிக்கு உள்துறைமுகத்து ஜெட்டியடியில் நின்றோம். வெயில் தணிந்து, தண்ணீர் ஈயம் உருக்கி ஊற்றியதுபோல் கிடந்தது. விருந்தினர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கனடாவிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் தகப்பன் மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றார். அறுபதைத் தாண்டிய, அதிகம் பேசாத மனிதர். சட்டைப்பையில் கையை வைத்தபடியே இருந்தார். நெஞ்சில் சத்திரசிகிச்சை செய்தவர் என்பதால் நோகிறதோ என்று நினைத்தேன்.

“தங்கச்சி, எங்கட கப்பல் இதிலயிருந்தோ வெளிக்கிடும்?” என்றார்.

“ஓம் அண்ணை. அந்தா நிக்கிற லோஞ்சுதான்.”

“அது மூதூர் லோஞ்செல்லோ. அதிலதானே நான் சின்னனில வந்து போனனான். நான் கேக்கிறது இந்தியாக் கப்பலை.”

பகிடி விடுகிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து கடவுச்சீட்டை எடுத்து, ஒரு பக்கத்தை விரித்து என்னிடம் நீட்டினார். இந்திய விசா. ஒட்டி, முத்திரை குத்திய விசா. கப்பலில் போகிறவர்களுக்கு இணையத்தில் எடுக்கும் விசா செல்லாது என்று யாரோ சொல்லக் கேட்டு, இரண்டு தடவை வேலைக்கு லீவு போட்டு வரிசையில் நின்று எடுத்தாராம். அவர் மட்டுமல்ல, அவரைப் பார்த்துக் குழுவில் மொத்தம் பதினொரு பேர் எடுத்திருந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் அக்கரை என்றால் மூதூர். அவ்வளவுதான், அதற்கு வேறு பொருளே கிடையாது. அவரோ மூதூருக்கும் அப்பால் ஈச்சிலம்பற்றில் பிறந்தவர். மூதூருக்கு வந்து லோஞ்சு ஏறி எங்கள் பட்டினத்துக்கு வந்த பிள்ளைக்கு, அக்கரை என்பது நான் நின்றுகொண்டிருந்த இந்த இடம். மூதூர் அவருக்கு எந்தக் காலத்திலும் இக்கரைதான். திருகோணமலையில் இருந்துகொண்டு ஒருத்தி கடல் கடந்து அக்கரை என்று எழுதி, கடவுச்சீட்டும் கொண்டுவரச் சொன்னால், அவருக்கு மிச்சம் இருந்தது இந்தியா ஒன்றுதான்.

அதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம்.

அவருக்கு ஒரே ஒரு அக்கா. சண்டைக் காலத்தில் பிள்ளைகளோடு மன்னார் வழியாகப் படகேறி இராமேஸ்வரம் போனவர், இன்றைக்கும் திருச்சிப் பக்கத்தில் ஒரு முகாமில் இருக்கிறார். கடவுச்சீட்டு இல்லாததால் கல்யாணத்துக்கு வர முடியாது. தம்பியாவது போய்ப் பார்த்திருக்கலாமே என்றால், கனடாவில் முதல் பத்து வருடம் இவரிடமும் குடியுரிமைத் தாள் இல்லை. பிறகு பிள்ளைகள், பிறகு இரண்டு வேலை, பிறகு நெஞ்சைத் திறந்து மூடினார்கள். வருகிற வருடம், வருகிற வருடம் என்று தொலைபேசியில் சொல்லியே முப்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. இதையெல்லாம் கல்யாணப் பேச்சு நடந்தபோது வீடியோ அழைப்பில் அவர் சொல்ல, நானும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதுக்கும் ஒரு வழி பாப்பம் அண்ணை என்று சொன்னதும் நான்தான். மரியாதைக்குச் சொன்னேன். சொல்லி முடித்து, தேத்தண்ணி ஆறுகிறதே என்று எழும்பிப் போனேன்.

அவர் அதை மறக்கவில்லை. என் தாளைப் பார்த்ததும், பெண் வீட்டார் சொன்ன சொல்லைக் காப்பாற்றி ஒழுங்கு செய்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டார். துருவிக் கேட்பது மரியாதையில்லை என்று கேட்கவுமில்லை. தாளைத் தன் அக்காவுக்குத் தொலைபேசியில் சொல்லுக்குச் சொல் வாசித்துக் காட்டினார். அந்த அக்கா முகாமில் எழுதிக் கொடுத்து வெளியே போய்வர அனுமதி எடுத்துவிட்டார். வியாழக்கிழமை பின்னேரம் கடைசி மகனோடு, இலங்கைக் கப்பல் வந்து சேரும் நாகப்பட்டினம் துறைமுகத்தில் வந்து நிற்பார். அன்றைக்குச் செவ்வாய்.

உண்மையைச் சொன்னேன். சுற்றி வளைக்காமல், நான் எழுதியது மூதூரை என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் அந்த லோஞ்சையே பார்த்தார். பிறகு என்னைத் தேற்றுவதுபோல் சிரித்தார்.

“பரவாயில்லை தங்கச்சி. நான்தான் விளங்காம வாசிச்சிட்டன். அவவுக்கு இப்பவே சொல்லிவிடுறன், பஸ் ஏறி மினக்கெட வேண்டாம்.”

தொலைபேசியை எடுத்துவிட்டார். நான் என்ன நினைத்தேனோ தெரியாது, அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். சம்பந்தி வீட்டு ஆம்பிளையின் கையைப் பிடிக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை.

“இப்ப சொல்லாதேங்கோ அண்ணை.”

“ஏலாத காரியத்துக்கு அவவை நிக்க வைக்கக்கூடாது.”

“ஏலாது எண்டு நான் இன்னும் சொல்லேல்லையே.”

ஜெட்டிச் சுவரில் குந்திக்கொண்டேன். வடக்கே காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஓடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும்; என்றைக்கு ஓடும், எத்தனை மணிக்கு ஓடும் என்பது எனக்குத் தெரியாது. நாலு இடத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். ஐந்தாவதில் ஒரு பெண் பிள்ளை பேசினாள். வியாழன் ஓடும், மத்தியானம் தாண்டிப் புறப்படும், இடமும் இருக்கிறது, ஆனால் கடவுச்சீட்டு விவரம் எல்லாம் இன்றைக்கே வேண்டும் என்றாள். விசா எடுத்த பதினொரு பேரையும் கூப்பிட்டு, சத்தமாக, எந்த அழகும் சேர்க்காமல் கேட்டேன்: நாகப்பட்டினம் போகிறவர் யார், மூதூர் போகிறவர் யார். ஆறு பேர் நண்டுக்கறிப் பக்கம் சாய்ந்தார்கள். அவரும் மனைவியும், இன்னும் மூன்று பேரும் கடவுச்சீட்டை நீட்டினார்கள். சுவரில் வைத்து ஒவ்வொன்றாகப் படம் எடுத்து அனுப்பினேன். வெளிச்சம் மங்குவதற்கு முன் ஐந்து இடமும் உறுதியாகிவிட்டது.

என் அக்காவிடம் சொல்லுவதுதான் கடல் தாண்டுவதைவிடப் பெரிய வேலை. ஹோட்டல் அறையில் கட்டில் முழுக்கச் சேலைகளைப் பரப்பிவைத்து, யாருக்கு எது என்று பிரித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை ஒரு சேலையை மடித்து, குலைத்து, திரும்ப மடித்தாள்.

“கல்யாணத்துக்கு அடுத்த நாள் சாப்பாட்டிலை சம்பந்தி இல்லையெண்டால் சனம் என்ன கதைக்கும்?”

“கதைக்கட்டும். அந்த மனிசி ஜெட்டியிலை நிண்டுபோட்டுத் திரும்பிப் போகக்கூடாது.”

“எடியே, மூதூர் மூண்டு எழுத்து. அக்கரை நாலு எழுத்து. மினக்கெட்டு ஒரு எழுத்துக் கூடப் போட்டெல்லோ பிழை விட்டிருக்கிறாய்.”

நான் அறையை விட்டு அசையவில்லை. வான் எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும், வழியில் சாப்பாடு எங்கே என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே நின்றேன். அக்கா கட்டிலிலிருந்து மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுச் சேலையை எடுத்துத் தனியாக வைத்தாள். அது யாருக்கு என்று கேட்டேன்.

“மாப்பிள்ளையின்ரை மாமிக்கு. வெறுங்கையோடயோ அனுப்புறது? பயத்தம் பணியாரமும் கட்டித் தாறன், உடையாமல் கொண்டுபோகச் சொல்லு.”

புதன்கிழமை கல்யாணம் நன்றாக நடந்தது. காற்றுக்கு ஓமப்புகை எல்லோர் கண்ணிலும் அடித்தது. அழுதவர் யார், புகைக்குக் கண் கலங்கியவர் யார் என்று பிரிக்க முடியவில்லை. மாப்பிள்ளையின் தகப்பன் மணவறைக்குப் பக்கத்தில் நின்றபடி அடிக்கடி கடலைப் பார்த்தார். அவர் அலையின் உயரத்தை அளக்கிறார் என்பது எனக்கு மட்டும் தெரியும். நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

வியாழன் விடியற்காலை ஐந்து மணிக்கு வான் புறப்பட்டது. என்னுடைய கடவுச்சீட்டு காலாவதியாகி இரண்டு வருடம். காங்கேசன்துறை வரைக்கும் நான் போவது என்று முடிவு. வழியில், கூட வந்த மூவரும், நாகப்பட்டினத்தில் இறங்கி இவர்கள் உறவுக்காரரோடு இருக்கும் நேரம் தாங்கள் எதைப் பார்ப்பது என்று கேட்டார்கள். பழைய தாளைத் திருப்பி, பின்பக்கத்தில், ஆடுகிற வானுக்குள் எழுதினேன். நாகூர் தர்கா, பக்கம்தான், ஓட்டோவில் போகலாம். வேளாங்கண்ணி, பஸ் இருக்கிறது. தரங்கம்பாடி, கடற்கரையில் பழைய கோட்டை. தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு ஒரு முழுநாள் வேண்டும், காலையிலேயே வெளிக்கிடுங்கள். ஊரின் பெயர், தூரம், வாகனம். ஒரு இடத்தில் ‘அலையின் மறுபக்கம்’ என்று கை போனது. வெட்டிவிட்டு நாகப்பட்டினம் என்று எழுதினேன்.

காங்கேசன்துறையில் காற்று பலமாக இருந்தது. கப்பல் போகுமோ என்று அவர் மூன்று தரம் கேட்டார். போகும் என்று மூன்று தரமும் நானே சொன்னேன், கப்பலை ஓட்டுகிறவள் மாதிரி. பெயர் கூப்பிட்டார்கள். சேலைப் பையை மனைவியிடம் கொடுக்காமல், நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பிப் பார்க்கவில்லை. கப்பல் சுவரை விட்டு விலகி, முனை தாண்டி, வெள்ளைப் பொட்டாகிற வரைக்கும் நின்றுவிட்டுத்தான் வானில் ஏறினேன்.

வவுனியா தாண்டி ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தியபோது ஆறரை மணி. தொலைபேசி அடித்தது, வீடியோ. திரை முழுக்க ஒரு முகம், நரைத்த தலை, அவருடைய அதே மூக்கு.

“நீங்கள்தானோ பிள்ளை அந்தத் தாள் எழுதினது?”

“ஓம் அக்கா. பிழையா எழுதிப்போட்டன்.”

“என்ன பிழை? இவன் எனக்கு வாசிச்சுக் காட்டினவன். உறவுகள் சோற்றோட காத்திருக்கிறாங்கள் எண்டு எழுதியிருந்தியள். அப்ப நான் வெறுங்கையோட வரலாமோ?”

தொலைபேசியைத் திருப்பினார். ஒரு சீமெந்து இருக்கையில் டிபன் கேரியர் தட்டுத்தட்டாகப் பிரித்து வைத்திருந்தது. சோறு, ஏதோ மீன்குழம்பு, பொரித்த மிளகாய். காலையில் முகாமில் சமைத்து, இரண்டு பஸ் மாறி மடியில் வைத்துக்கொண்டு வந்த சோறு. பக்கத்தில் தம்பி குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாம்பழச் சேலைப் பை இன்னும் அவருடைய முழங்காலில் இருந்தது. வணக்கம் சொல்லக்கூட அவர் தலையை நிமிர்த்தவில்லை.

“ஆறிப்போச்சு, எண்டாலும் சாப்பிடுறான்,” என்றார் அக்கா.