வரைபுத்தாளும் ஜெனிற்றாவும்

கணக்கு டீச்சரை ஊரில் எல்லாக் கலியாணத்துக்கும் கூப்பிடுவார்கள், ஆனால் அவர் இருக்கிற மேசையில் பிள்ளைகள் ஒருவரும் வந்து சாப்பிட மாட்டார்கள். சோக்குத்தூள் தின்று வாழும் சக ஆசிரியர்களே, உங்களுக்கு இது புதுசில்லை.

அடிமட்டக் காலம்

நான் கற்பிட்டிக்கு வந்த புதிதில் அச்சடித்த வரைபுத்தாள் கண்ணுக்கே தெரியாது. வெள்ளைத்தாளில் அடிமட்டம் வைத்துப் பிள்ளைகளே கட்டம் கீறுவார்கள். நாற்பது நிமிசமும் அதிலேயே போய்விடும். மணி அடிக்கிற நேரம் ஒருத்தி பெருமையோடு எழும்பினாள்: "கோடு போட்டு முடிஞ்சுது டீச்சர். கணக்கு நாளைக்கா?"

போட்டோகொப்பிக் காலம்

இப்போது சனிக்கிழமைகளில், ஓ/எல் பரீட்சையில் கணக்கில் தவறியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். அதில் ஜெனிற்றா இரண்டு தரம் தவறியவள். மூன்றாம் தரமும் தவறினால் படிப்பை விட்டுவிட்டு அம்மாவோடு மீன் காயப்போடும் கருவாட்டு வாடிக்கு வேலைக்குப் போகவேண்டும் என்பது வீட்டுத் தீர்ப்பு. வரைபுக் கேள்வியைப் பிடித்தால் கரை சேர்த்துவிடலாம், எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

அச்சடித்த வரைபுத்தாள் ஒன்றைப் போட்டோகொப்பிக் கடையில் கொடுத்து நாற்பது கொப்பி கேட்டேன். முதலாளி கடதாசியை மிச்சம் பிடிக்க, இரண்டைச் சுருக்கி ஒரே தாளில் அடித்துவிட்டார். ஒரு சென்டிமீற்றர் முக்கால் ஆகிவிட்டது. சண்டைக்குப் போனேன். மனுசன் அசையவில்லை: "கட்டம் ஒண்டும் குறையல்லையே டீச்சர், எண்ணிப் பாருங்களேன்."

தலைகீழ் வரைபு

ஜெனிற்றாவின் வளைகோடு எப்போதும் கவிழ்ந்தே கிடக்கும். பெருக்கல் சரி, அட்டவணை சரி. பார்த்தால், நிலைக்குத்து அச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று கீழ்நோக்கி எழுதியிருக்கிறாள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. எங்கே படித்தாய் இதை என்று கத்தினேன். தகப்பனோடு வள்ளத்தில் போய், கயிறு இறக்கி எத்தனை பாகம் ஆழம் என்று அளந்து பழகிய பிள்ளை, பயப்படாமல் சொன்னாள்: "பாகம் கூடக் கூடக் கீழதானே டீச்சர் போகும்?"

பெறுபேறு

கடல்மட்டம் பூச்சியம், அதற்கு மேலே எல்லாம் நேர் எண், தண்ணிக்குக் கீழே எல்லாம் மறை எண் என்று சொல்லிக்கொடுத்தேன். பிறகு அவள் பிழை விடவேயில்லை. பெறுபேறு வந்த அன்று தாயும் மகளும் வீட்டுக்கே வந்தார்கள். கணக்குக்கு 'எஸ்', பாஸாவதற்குப் போதுமான வெறும் 'எஸ்'தான். நான் அவளைக் கட்டிப்பிடித்து அழுதேவிட்டேன். தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்: "இவள் இனிப் படிக்கப் போறாள், சரி. வாடிக்கு ஆர் வாறது, நீங்களா டீச்சர்?"

அடுத்த சனி வகுப்பு முடிய நேரே வாடிக்குப் போனேன், கருவாடு புரட்டுவது இருபடிச் சார்பை விடக் கஷ்டம் என்பதைச் சக ஆசிரியர்களுக்கு இத்தால் அறியத்தருகிறேன்.