சூரிச் கண்காட்சியில் ரெஜினா அக்கா

2014 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்குச் சுவிட்சர்லாந்தின் கூர் நகரிலிருந்து சூரிச்சுக்கு ரயில் ஏறினோம். நூற்றிருபது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரப் பயணம். கூட வந்தவர் ரெஜினா அக்கா. கோவையில் என்னோடு கட்டடக்கலை படித்த மன்னார் நண்பனின் தமக்கை. கூரில் முதியோர் இல்லத்தில் தாதி. இரவு வேலை முடித்து, குளித்த கையோடு வந்திருந்தார். தனியாகப் போய்க்கொள்வேன் என்றேன்.

"முதல் தரம் வந்திருக்கிறியள், தனிய விடேலுமோ?" என்றார். வலப்பக்கம் வாலன்சே ஏரி வந்ததும் தட்டிக் காட்டிவிட்டுக் கண் அயர்ந்தார்.

சூரிச் அருங்காட்சியகம் ஒன்றில், 1950களில் ஐரோப்பாவில் நடந்த பன்னாட்டுக் கண்காட்சி ஒன்றை, பழைய புகைப்படங்களைப் பார்த்து அறை அறையாகத் திரும்ப அமைத்திருந்தார்கள். நுழைவுக் கட்டணம் பன்னிரண்டு பிராங்க். வளைத்த ஒட்டுப்பலகை நாற்காலிகள், கம்பியில் தொங்கும் சிற்பங்கள், தொழிலாளர் குடியிருப்புகளின் மர மாதிரிகள். போரில் வீடிழந்தவர்களுக்கு மலிவாகவும் அழகாகவும் என்ன செய்து தரலாம் என்பதுதான் அன்று கூடிய கலைஞர்களின் கேள்வியாம். வகுப்பில் வருடக்கணக்காகப் படத்தில் காட்டியவற்றின் முன்னால் நின்றேன்.

நான் கல்லூரிப் பேராசிரியர் என்று அறிந்ததும் வழிகாட்டிப் பெண்மணி என் பக்கமே திரும்பிப் பேசினார். நானும் ஆங்கிலத்தில் இடையிடையே விளக்கம் சேர்த்தேன். கூட்டம் கவனித்துக் கேட்டது. எனக்கு அது பிடித்திருந்தது.

பின்னால் காவலரின் அதட்டல் கேட்டது. காட்சி மேடையிலிருந்த நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. உடனே எழுந்து ஜெர்மனில் ஏதோ சொன்னார்; தலை சுற்றியது, மன்னியுங்கள் என்றாராம். அறையில் எங்கள் நிறத்தில் இருந்த இன்னொரு ஆள் நான்தான். உங்களோடு வந்தவரா என்று காவலர் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை" என்றேன்.

அந்தளவு ஆங்கிலம் அக்காவுக்குத் தெரியும். பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் பின்னால் போகவில்லை. மிச்ச அறைகளையும் பார்த்தேன். பார்த்தேன் என்பது பேச்சுக்கு.

வாசல் பெஞ்சில் காத்திருந்தார். பார்த்து முடிந்ததா என்று மட்டும் கேட்டார். திரும்பும் ரயிலில், சார்கான்ஸ் நிலையம் தாண்டிய பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"அக்கா, உள்ளே நான் சொன்னது..."

"விடுங்கோ தம்பி. நானும் வேலையிடத்தில தமிழ் ஆக்களைக் கண்டால், சில நாள் தெரியாத மாதிரி நிண்டிருக்கிறன்." ஜன்னல் பக்கம் திரும்பினார். "ஆனா கூட வந்த ஆளை இல்லையெண்டு சொன்னதில்லை."

இரவுச் சாப்பாட்டில் அவர் கணவர் கண்காட்சியைப் பற்றிக் கேட்டார். நல்லாயிருந்தது, தம்பி எல்லாம் விளங்கப்படுத்தினவர் என்று சொல்லி, அக்கா என் தட்டில் மீன்கறி வைத்தார். அப்போதாவது நடந்ததைச் சொல்லியிருக்கலாம். தலைகுனிந்து சாப்பிட்டேன்.

மறுநாள் விமான நிலையம் போகும் வழியெல்லாம் கோவையை நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா என் கல்லூரி விழாவுக்கு வந்து, அங்கே இப்படி ஒன்று நடந்தால்? கேட்பவரும் தமிழர், ஊரும் என் ஊர். அங்கேயாவது 'ஆமாம், என்னோடு வந்தவர்' என்று சொல்வேன் என என்னால் உறுதியாக நினைக்க முடியவில்லை.