பாலத்தில் நின்ற புள்ளி

போன செவ்வாய்க்கிழமை மாலை ஆறு பத்துக்கு என் மகள் காவிரிப் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டாள். மகள் என்றால் மகள் இல்லை. என் கைப்பேசியில் அவளைக் காட்டும் நீலப் புள்ளி. தில்லை நகரில் டியூஷன் முடிந்து, சத்திரம் பஸ் நிலையம் வந்து, ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறி, அதுவரை ஒழுங்காக நகர்ந்துகொண்டிருந்த புள்ளி. பாலத்தைக் கடக்க அதற்கு இரண்டு நிமிடம் பிடிக்கும். ஆறு இருபதுக்கும் அது ஆற்றின் மேலேயே நின்றது. கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப்.

பதினாறு வருடம் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் உட்கார்ந்து எழுந்தவள் நான். ‘மாணவி மாயம்’ என்ற தலைப்பு ஒற்றைப் பத்திக்கு அளவாகப் பொருந்தும். கடைசியாக யார் பார்த்தது, எந்த இடம், என்ன உடை என்று அந்தச் செய்திக்கு ஒரு வரிசை உண்டு. பால்கனியில் நின்றபோது மனம் அதுபாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தது: நீலச் சுடிதார், கறுப்புப் பை, இரட்டைப் பின்னல். பின்னல் இரட்டையா ஒற்றையா என்ற இடத்தில் தடுமாறினேன். காலையில் நான்தான் பின்னிவிட்டேன். ஆனாலும் நினைவில்லை.

ஆடி மாதம். மேட்டூர்த் தண்ணீர் வந்து நாலு நாள் ஆகியிருந்தது. புதுத் தண்ணீருக்கு ஒரு வாசனை உண்டு. சேறும், ஊறிய நாணலும், கொஞ்சம் இரும்பும் கலந்தாற்போல. எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடி வரைக்கும் அது வரும். மற்ற வருடங்களில் கதவைத் திறந்துவைத்து முகர்ந்துகொண்டிருப்பேன். அன்றைக்கு அடைத்துவிடலாமா என்றிருந்தது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அதற்கு இரண்டு நாள் முன்புதான், ஞாயிற்றுக்கிழமை, அந்தப் புள்ளியை எடுத்துவிடச் சொல்லி மகள் கேட்டிருந்தாள். ஏழாவது படிக்கிறாள். கத்தவில்லை, அழவில்லை; வக்கீல் மாதிரிப் பேசினாள்.

“என் வயசுல லால்குடி வரைக்கும் தனியா போயிட்டு வந்தேன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவல்லம்மா. அப்ப உன்ன யாரு பாத்துட்டு இருந்தாங்க?”

இந்த வாரத்துக்குள் முடிவு சொல்கிறேன் என்று நழுவினேன். லால்குடிக் கதையை அவளுக்குச் சொன்ன வாயைத்தான் அடிக்க வேண்டும்.

அந்தக் கதை இதுதான். உறவுக்காரர் கல்யாணங்களில், அலுவலகத் தேநீர் நேரங்களில் பல தடவை சொல்லித் தேய்ந்தது. தொண்ணூறுகளின் நடுவில், இதே போல் ஓர் ஆடி மாதம். நான் ஆறாவது. பள்ளிக்கூடம் டவுனில், வீடு ஸ்ரீரங்கத்தில். தினமும் டவுன் பஸ். அன்றைக்கு ஏதோ ஊர்வலம், பஸ் இல்லை. டவுன் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் ஸ்ரீரங்கம்தான் என்று வகுப்பில் ஒருத்தி சொன்னாள். ஏறிவிட்டேன்.

பஸ்ஸில் போகும் ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகள் நிறுத்தத்தின் பெயரைப் பார்த்து இறங்குவதில்லை. ராஜகோபுரத்தைப் பார்த்து இறங்குவோம். பாலத்தில் கட்டைவிரல் அளவு தெரியும். அம்மா மண்டபம் சாலையில் வளர்ந்துகொண்டே வரும். ஜன்னலில் எவ்வளவு குனிந்து பார்த்தாலும் உச்சிக் கலசம் தெரியாமல் போகிறதா, எழுந்துகொள்ள வேண்டும். இதை யாரும் சொல்லித் தந்ததில்லை. தூங்கி வழிந்தாலும் தப்பாத கணக்கு.

ரயிலிலும் அதே கணக்கைப் போட்டேன். காவிரியைத் தாண்டியது. கோபுரம் வளர்ந்தது. ரயில் ஓரிடத்தில் நின்றது. பாதிப் பெட்டி இறங்கியது. நான் குனிந்து பார்த்தேன். கலசம் வரைக்கும் முழுசாகத் தெரிந்தது. ஆகவே நம் ஊர் இன்னும் வரவில்லை என்று பையை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். ரயில் கிளம்பியது. கோபுரம் வளரவில்லை. பின்னால் போய்ச் சிறுத்தது. திடீரென்று அடியில் மறுபடி பாலத்துச் சத்தம். ஓர் ஆற்றைத்தானே தாண்ட வேண்டும், இந்த இரண்டாவது ஆறு எங்கிருந்து வந்தது என்று நினைத்தது இன்றும் ஞாபகமிருக்கிறது. கொள்ளிடம், ஸ்ரீரங்கத்துக்கு மறுபக்கத்து ஆறு.

கல்யாண வீடுகளில் இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் கொஞ்சம் இடைவெளி விடுவேன்.

அடுத்து வந்த ஸ்டேஷன்களில் இறங்க வேண்டும் என்று தோன்றவில்லை. எதிரில் காலிக் கூடைகளை அடுக்கிவைத்து ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். காந்தி மார்க்கெட்டில் கீரை விற்றுவிட்டுத் திரும்புகிறவர். கூடையிலிருந்து வாடிய கொத்தமல்லி வாசனை. என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டார். ஸ்ரீரங்கம் என்றேன்.

“அது போயி ரெண்டு டேசன் ஆச்சே கண்ணு.”

அதற்கப்புறம் நான் செய்தது ஒன்றுமில்லை. எல்லாம் அவர் செய்தார். லால்குடியில் கையைப் பிடித்து இறக்கி, கூடைகளைத் தலையில் வைத்துக்கொண்டு, மஞ்சள் பலகை போட்ட எஸ்டிடி பூத்துக்குக் கூட்டிப் போனார். நம்பர் தெரியுமா என்று கேட்டதும் ஒப்பித்தேன். எங்கள் வீட்டில் போன் இல்லை. எதிர்வீட்டு லலிதா ஆன்ட்டி வீட்டு நம்பர்தான் எங்கள் நம்பர். பள்ளிக்கூட விண்ணப்பம், ரேஷன் கடை, அப்பாவின் அலுவலகம், எங்கே எழுதினாலும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பி.பி. என்று போடுவோம். அடுத்த வீட்டு போன் என்று அர்த்தம். அழைப்பு வந்தால் ஆன்ட்டி வாசலில் நின்று “போன்” என்பார். தெரு முழுக்கத் திரும்பிப் பார்க்கும். நாம் பேசி முடிக்கும்வரை அவர் பக்கத்திலேயே நின்று, இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருப்பார். எங்கள் வீட்டில் யாருக்கு என்ன காய்ச்சல், எந்தச் சம்பந்தம் தட்டிப்போனது என்பது எங்களுக்கு முன்னால் அவருக்குத் தெரியும். அதற்காக அவரை அம்மா திட்டாத நாளில்லை.

அன்றைக்கு நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் ஆன்ட்டி, “அழாத. அந்தம்மாகிட்ட குடு” என்றார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத இரண்டு பெண்கள், என்னை எந்த பஸ்ஸில் ஏற்றுவது, எங்கே இறக்குவது என்று பேசி முடித்தார்கள். சத்திரம் போகும் பஸ்ஸில் கண்டக்டருக்குப் பக்கத்து இருக்கையில் கீரைக்கார அம்மா என்னை உட்காரவைத்தார்.

“நம்ம புள்ளங்க. திருவானைக்கோவில்ல அவுங்க அப்பா நிப்பாரு. பாத்து எறக்கி விடுங்க.”

அப்பா சைக்கிளோடு நின்றார். வீட்டுக்கு வந்தோம். அம்மா தோசைக்கல் முன்னால் இருந்தாள். “கை கால் கழுவிட்டு வா, தோசை ஆறுது” என்றாள். அவ்வளவுதான். மறுநாள் காலை வழக்கம்போல் பஸ்ஸுக்கு அனுப்பிவைத்தாள். அந்தக் காலத்துப் பெற்றோர் பயப்படவே மாட்டார்கள் என்று நான் கதையை முடிப்பது இந்த இடத்தில்தான்.

செவ்வாய்க்கிழமை ஆறு நாற்பதுக்கும் புள்ளி பாலத்தில் இருந்தது. டியூஷன் டீச்சர், பிள்ளைகள் ஐந்தே முக்காலுக்கே கிளம்பிவிட்டார்கள் என்றார். இப்போது எங்களோடு இருக்கும் அம்மா கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வந்துருவா, பஸ்ஸு எங்கயாச்சும் நின்னிருக்கும் என்று இரண்டு முறை சொல்லியிருந்தாள். அந்த நிதானம் எனக்கு எரிச்சலாக இருந்தது. உன்ன மாதிரி பயப்படாம இருக்க எனக்குத் தெரியலம்மா என்று சொல்லிவிட்டேன்.

அம்மா காம்பைக் கிள்ளிப் போட்டாள்.

“நாலரைக்கு வர்ற புள்ள அஞ்சரைக்கும் வரல. நான் என்ன பண்ணேன்னு நெனச்ச? அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனேன்.”

“எதுக்கு?”

“செருப்பு பாக்க.” அடுத்த காம்பை எடுத்தாள். “தண்ணி ரெண்டு கரையும் போயிட்டு இருந்துச்சு. படியில கெடந்த செருப்ப ஒவ்வொண்ணா பாத்தேன். உன்னுது பச்சை வாரு. அதே மாதிரி ஒரு ஜோடி கெடந்துச்சு. குனிஞ்சு கையில எடுத்து அளவு பாத்தேன். பெருசா இருந்துச்சு. அங்கயே உக்காந்துட்டேன். லலிதாதான் தேடிட்டு வந்து, போன் வந்துச்சுன்னு சொல்லி எழுப்பிக் கூட்டிட்டு வந்தா.”

முப்பது வருடத்தில் இதை அம்மா சொன்னதில்லை. நானோ யாரிடமெல்லாமோ பேட்டி எடுத்திருக்கிறேன். இந்த ஒரு கதையில் எதிர்த்தரப்பைக் கேட்டதே இல்லை. ஏன் சொல்லவில்லை என்றேன்.

“சொன்னா மறுநா பயந்துகிட்டே போவ. போகணும்ல.”

ஏழு ஐந்துக்கு மகள் வந்தாள். பாலத்தில் வரும்போதே போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. மாம்பழச் சாலையில் பஸ் பழுதாகி எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். அடுத்த பஸ்களில் ஏற முடியாத கூட்டம். நடந்தே வந்திருக்கிறாள். பின்னல் ஒற்றை.

யாரிடமாவது போன் வாங்கிப் பேசியிருக்கலாமே என்றேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளத்தான் பார்த்தேன்.

“நீதானம்மா தெரியாதவங்ககிட்ட பேசாதன்னு சொன்ன?” கொஞ்சம் யோசித்துவிட்டு, “உன் நம்பரும் எனக்குத் தெரியாது. போன்ல அம்மான்னுதான் இருக்கு” என்றாள்.

எனக்கும் அவள் நம்பர் தெரியாது. லலிதா ஆன்ட்டி வீட்டு நம்பரை இப்போதும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆன்ட்டி பிள்ளையோடு வேறு ஊருக்குப் போய்ப் பல வருடமாகிறது. அந்த வீடு இருந்த இடத்தில் யாத்ரீகர்கள் தங்கும் விடுதி. மஞ்சள் பலகைகளைக் காணோம். எங்கள் மாடியில் எதிர்வீட்டில் இருப்பவர்கள் பெயரை நான் கூரியர் பெட்டியில்தான் படித்திருக்கிறேன். கீரைக்கார அம்மா மாதிரி யாராவது ஒருவர் இன்றும் அந்த ரயிலில் காலிக் கூடையோடு திரும்பிக்கொண்டுதான் இருப்பார். அவருக்கு எதிரில் என் மகள் உட்கார்ந்தால், முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பாள். அப்படிப் பழக்கியது நான். அந்த அம்மாவின் பெயரையும் கேட்டுவைக்கவில்லை.

சனிக்கிழமை புள்ளியை எடுத்துவிட்டேன். பதிலுக்கு என் நம்பரை மகளும், அவள் நம்பரை நானும் மனப்பாடம் செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். யாரிடம் போன் கேட்கலாம் என்றும் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். பெண்கள், குழந்தையோடு இருப்பவர்கள், பூக்கடைக்காரர்கள். பட்டியல் வளர வளர எனக்கே ஒவ்வொருவர் மேலும் சந்தேகம் வந்தது. பாதியில் நிறுத்திவிட்டேன்.

நேற்று மறுபடி டியூஷன். ஆறு பத்துக்குக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கல்லை அடுப்பில் ஏற்றினேன். முதல் தோசை வட்டமாக வரவில்லை. இரண்டாவதும். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு, கை கால் கழுவிட்டு வா, தோசை ஆறுது என்றேன். அந்த வரியை எந்தக் குரலில் சொல்ல வேண்டும் என்று இப்போது தெரிகிறது. நாளைக்கும் அவளை அனுப்பிவிடுவேன். வழி தவறி எங்கோ இறங்கி நின்றால், கையைப் பிடித்து ஒரு பஸ்ஸில் ஏற்றி, இது நம்ம புள்ளங்க என்று சொல்ல அந்தப் பக்கம் ஆள் இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை.