கீபோர்டு அக்கா செய்த அடி

அப்போது சிதம்பரத்து மெல்லிசைக் குழு ஒன்றில் நான் பாடிக்கொண்டிருந்தேன். எங்கள் கீபோர்டு அக்கா ஒல்லியாக இருப்பார், தடித்த கண்ணாடி போட்டிருப்பார். புதுச் சத்தம் உருவாக்கும்போதெல்லாம் ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்து, கை அதிரும்வரை விடமாட்டார்.

பண்ருட்டிக் கல்யாணம் ஒன்றுக்கு டிரம்ஸ்காரர் வரவில்லை.

"இப்ப என்னாக்கா பண்றது?"

"டிரம்ஸ் அடிய நான் கீபோர்டுலயே செஞ்சிக்கிறேன். நீ பாடு."

கீபோர்டின் குமிழ்களைத் திருகி, சத்தம் இழுத்துக்கொண்டு போகாமல் வெட்டி, அதன் தொடக்கத்தைக் கூர்மையாக்கினார். முதல் அடி நெஞ்சில் விழுந்தது. பந்தியில் இருந்தவர்கள்கூட கைகழுவிவிட்டு ஆட வந்தார்கள்.

கச்சேரி முடிந்ததும் மாப்பிள்ளையின் மாமா கேட்டார்: "சவுண்டு பிரமாதம்மா! எந்தக் கம்பெனி கீபோர்டு?"

"கீபோர்டு கடையில வாங்கினது. சவுண்டு என்னுதுங்க" என்றார் அக்கா.

அதன்பின் நீ யார் என்று எவர் கேட்டாலும், அந்த அக்கா வாசிக்கப் பாடுகிறவன் என்றே என்னைச் சொல்லிக்கொண்டேன்.